கேட்காமல் எடுத்துக்கொண்டவை

...இல்லை, முதல் தடவை சொன்னதைக்கூட விட்டுவிடலாம், அது போன புதன்கிழமை, போனில், ஏதோ வேகத்தில் வாய் முந்திக்கொண்டது, யாருக்குத்தான் அப்படி நடக்கவில்லை, ஆனால் இன்று காலை சொன்னதை எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தங்கை மித்ரா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "அண்ணா, பூனா கம்பெனிலேர்ந்து போன் ஏதாச்சும் வந்திச்சா?" என்று கேட்டாள், வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஆதிகேசவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இல்லையேம்மா" என்றான், அவ்வளவுதான், கட்டின முடிச்சையே அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினான்... முப்பத்துநாலு வயசு ஆள், வீட்டில் பெரியவன், ஒரு கம்பெனியின் நூற்றெண்பது கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பானவன், சொந்தத் தங்கையின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஷூவைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான், வெட்கமாக இல்லையா, இருக்கிறது, அதனால்தான் பெங்களூர் மர்பி டவுனிலிருந்து இன்ஃபன்ட்ரி ரோடு வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தான், இப்போது மணி பதினொன்று ஆகப் போகிறது, மூன்றாவது மாடியில் தன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரமாக ஒன்றுமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பூனாக்காரர்கள் கொடுத்த கெடு இன்று சாயங்காலம் ஐந்து மணி... "சார். சார், கேக்குதா?"

கேட்கிறது. பிரிஜெட். போன வாரம் புதிதாகச் சேர்ந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி, ரிச்சர்ட்ஸ் டவுன் பெண், முதல் நாளே கேன்டீன் காபியைக் குடித்துவிட்டு இதில் காபி எங்கே என்று கேட்டவள் என்று பெயர் வாங்கிவிட்டவள், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும் தோரணையைப் பார்த்தால் நிற்க ஆரம்பித்து நேரமாகியிருக்கும் போலிருந்தது. பாஸ்வேர்ட் மாற்ற முடியவில்லையாம். அவளுக்கு மட்டுமில்லை, அந்த வரிசையில் யாருக்குமே முடியவில்லையாம். "பழசை சரியா அடிச்சியாம்மா?" என்று கேட்டான், கேட்டிருக்கக் கூடாது, "மூணு வாட்டி அடிச்சேன் சார். அது இன்னா பெரிய ரகசியமா, நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டுதானே குடுத்திருக்கீங்க, யார் மெயிலை யார் வேணா படிக்கலாம். மாத்துங்கன்னு நீங்களே நோட்டீஸ் போட்டீங்க, மாத்தப் போனா பர்மிஷன் இல்லங்குது. என் பேரு, என் பாஸ்வேர்ட். நான் மாத்தக்கூடாதாம். நல்லா இருக்கு சார் உங்க நியாயம்." பேசிவிட்டுச் சிரித்தாள், கோபமில்லை அவளுக்கு, ஆனால் என் பேரு என்ற சொல்லில் அவள் வைத்த அழுத்தம் ஆதிகேசவனுக்கு எங்கேயோ சுருக்கென்றது, பத்து நிமிஷம் கொடும்மா, பார்க்கிறேன் என்றான், அவள் போகவில்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முந்தாநாள், சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸே காலி, வீட்டுக்குப் போனால் மித்ராவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால் திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலையை இழுத்து வைத்துக்கொண்டு செய்தான், நாற்பத்திரண்டு பெயரையும் கம்பெனியின் பெயர்ப்பட்டியலில் ஏற்றினான், அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் எந்த மிஷினில் போய் உட்கார்ந்தாலும் அது இன்னாரென்று அடையாளம் கண்டு உள்ளே விடும்... என்ன தப்பு நடந்திருக்கும்... கை தானாகப் போய் நிஸ்டிஃபால்ட்ஸ் என்று தட்டியது. அதைப் போலச் சாதுவான கட்டளை அந்த மிஷினில் வேறு கிடையாது, எதையும் அழிக்காது, எதையும் மாற்றாது, தட்டினால் ஏழெட்டு வரி காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், நீ வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வேன் தெரியுமா, இதோ பார், யார் உண்டாக்கியது என்று நீ சொல்லாவிட்டால் இன்னார் பெயர், எந்தக் குழு என்று சொல்லாவிட்டால் இந்தக் குழு, யார் யாருக்கு என்ன உரிமை என்று சொல்லாவிட்டால் இவ்வளவு இவ்வளவு உரிமை, எத்தனை நேரம் செல்லும் என்று சொல்லாவிட்டால் பன்னிரண்டு மணி நேரம், அவ்வளவுதான் அது பேசும் பேச்சு. ஆதிகேசவனுக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு, மூன்று வருஷமாக எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பான், கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள், ஆதி சார் காலையில் சாமி கும்பிடுவதற்குப் பதில் இதைத் தட்டிவிட்டு உட்காருகிறார் என்று... முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. ஓனர், ஆதி. ஐயோ என்றான் வாய்விட்டே.

ஒவ்வொரு பெயரை ஏற்றும்போதும் இந்தப் பெயருக்கு ஓனர் இவரேதான் என்று கூடவே ஒரு சொல் சேர்க்க வேண்டும், எத்தனையோ தடவை செய்திருக்கிறான், தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வான், சனிக்கிழமை புத்தி பூனாவில் இருந்தது, சேர்க்கவில்லை, சேர்க்காவிட்டால் மிஷின் யாரைப் போய்க் கேட்கும், ஏற்றினவனே ஓனர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது, ஆக நாற்பத்திரண்டு பேரின் பெயருக்கும் இப்போது ஆதிகேசவன்தான் சொந்தக்காரன், அவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே பார்க்கலாம், படிக்கலாம், தொட முடியாது... நல்ல மனசோடுதான் செய்தான், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, திங்கட்கிழமை வந்ததும் பிள்ளைகள் காத்திருக்கக் கூடாதே என்று சனிக்கிழமை உட்கார்ந்து செய்தான்... புதன்கிழமையும் நல்ல மனசோடுதான்... "கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?" என்றாள் பிரிஜெட், அவன் தலையை ஆட்டினான், என் தப்புதாம்மா என்றான், அதை அவ்வளவு சுலபமாக போன வாரம் வந்த ஒரு பெண்ணிடம் சொல்ல முடிகிறதே, வீட்டில் ஏன் வாய் வரவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

புதன்கிழமை மூன்று மணிக்கு மேஜை போன் அடித்தது, ஒரு பெண் குரல், இங்கிலீஷில், மிஸ் சங்கமித்ராவுடன் பேசலாமா என்றது. மர்பி டவுன் வீட்டில் போன் கிடையாது, எழுதிக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது, இன்னும் வரிசை வரவில்லை, அதனால் மித்ராவின் பயோடேட்டாவில் இந்த ஆபீஸ் நம்பர்தான், அதை டைப் செய்தவனும் அவன்தான். அவள் இங்கே இல்லை, நான் அவளுடைய அண்ணன், சொல்லுங்கள் என்றான், செலக்ட் ஆகியிருக்கிறாள், அடுத்த மாசம் பூனாவில் சேர வேண்டும் என்று அந்தக் குரல் சந்தோஷமாகச் சொன்னது, அதற்கு இவன், சாரி மேடம், அவள் வெளியூர் வரமாட்டாள், அவளால் தனியாக இருக்க முடியாது என்றான்... யோசித்தா சொன்னான், ஒரு நொடிகூட இல்லை, எங்கேயோ உள்ளே எழுதி வைத்திருந்ததை எடுத்துப் படித்த மாதிரி, இங்கிலீஷ்கூட அன்றைக்கு ஒரு திக்கல் இல்லாமல் வந்தது. அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள், இன்டர்வ்யூவில் அவங்க அப்படிச் சொல்லவில்லையே, சரி, திங்கட்கிழமை ஐந்து மணி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறோம், மனசு மாறினால் கூப்பிடச் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்தாள், பிரிண்டர் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து எழுதிக்கொண்டான், சட்டைப்பையில் வைத்தான், அன்றைக்கே சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனான், போனால் அவள் வெறும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அல்சூர் கம்ப்யூட்டர் சென்டரில் தன்னிடம் டைப்பிங் படிக்கும் ஒரு கிழவர் ஒற்றை விரலால் தட்டுவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றிவிட்டது. நாளைக்கு என்பது வியாழன் ஆகி, வெள்ளி ஆகி, இன்றுவரை வந்து நிற்கிறது.

தனியாக இருக்க முடியாது என்று எப்படித் தோன்றியது... அவள் பிறந்தபோது அவனுக்குப் பத்து வயசு, கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃபில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில், அப்பா சுரங்கத்துக்கு உள்ளே மரம் தாங்கல் கொடுக்கும் வேலை, ஆதிகேசவன் என்று மூத்தவனுக்குப் பேர் வைத்த மனுஷன் அதற்குப் பிறகு பௌத்த சங்கத்தில் சேர்ந்து, இரண்டாவதாகப் பெண் பிறந்ததும் சங்கமித்ரா என்று வைத்தார், உனக்கும் மாற்றிவிடலாமாடா என்று கேட்டார், ஸ்கூல் சர்டிஃபிகேட்டில் ஏறிவிட்டதே என்று அவன் அழுதான், சரி விடு என்று விட்டார், அப்பா கேட்டார், அது என்னவோ இப்போது ஞாபகம் வருகிறது, பத்து வயசுப் பையனை, அவன் பெயரைப் பற்றி, மாற்றிவிடலாமா என்று கேட்டார்... அப்பா இருமி இருமிப் போன பிறகு இவன்தான் எல்லாம், அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள், இன்றைக்கும் அந்த லைன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள், மித்ராவுக்கு ஸ்கூல் அப்ளிகேஷன் இவன், காலேஜ் அப்ளிகேஷன் இவன், கெமிஸ்ட்ரியா கம்ப்யூட்டரா என்ற கட்டத்தில் டிக் போட்டது இவன், ஸ்காலர்ஷிப்புக்காக ராபர்ட்சன்பேட்டை பேங்கில் கணக்குத் திறக்கும்போது அவளுக்கு அம்மை போட்டிருந்தது, கடைசி நாள், இவனே ஆர். சங்கமித்ரா என்று கையெழுத்தும் போட்டுவிட்டான். நாலு மாசம் கழித்து அவள் பேங்குக்குப் போனாள், கையெழுத்து சேரவில்லையே என்று கிளார்க் திருப்பி அனுப்பிவிட்டார், அவளுடைய கையெழுத்து, அவளுடையது இல்லையாம், அழுதுகொண்டே வந்தவள் சாயங்காலம் ஒரு ரஃப் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணன் போட்ட மாதிரியே ஐம்பது தடவை எழுதிப் பழகினாள், சங்கமித்ராவின் கடைசி வளைவை அவன் ஏதோ அவசரத்தில் கீழே இழுத்துவிட்டிருந்தான், அந்த இழுப்பையும் விடாமல். அதை வைத்து எத்தனை வருஷம் சிரித்திருக்கிறார்கள், கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், இன்றுவரை அவள் போடுவது அந்தக் கையெழுத்துதான், பிரிஜெட் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ நுனியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், ஆதிகேசவனுக்கு முதல்முறையாக அதில் சிரிப்பு வரவில்லை.

பாசம்தான், பாசமில்லை என்று யார் சொன்னார்கள், அவளுக்குக் காய்ச்சல் என்றால் இவனுக்கு வாய் கசக்கும், மாரிக்குப்பம் ரயிலில் விடிகாலையில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோன ஆறு வருஷமும் இறங்கியவுடன் அவளுக்கு என்ன வாங்கலாம் என்றுதான் கண் தேடும், அவள் தலையெடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறொரு வேண்டுதல் அவனுக்கு இருந்ததே இல்லை... வீணா அன்றைக்கு என்ன சொன்னாள், வீணா அவன் மனைவி, வியாழக்கிழமை ராத்திரி பாத்திரம் துலக்கும் சத்தத்தோடு சத்தமாக அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான், அவள் குழாயை நிறுத்திவிட்டு, "அவளைக் கேட்டீங்களா?" என்றாள். கேக்கணுமா, எனக்குத் தெரியாதா அவளை, என்றான். "ஹோட்டலுக்குப் போனா உக்காரும்போதே மூணு மசால் தோசைன்னு சொல்றீங்க. எட்டு வருஷமாச்சு, எனக்கு மசாலா பிடிக்குமான்னு ஒரு வாட்டி கேட்டிருக்கீங்களா? உருளைக்கிழங்கை ஓரமா தள்ளிட்டுத் தின்னுட்டுதான் வர்றேன். போவுது, அது தோசை. இது அவ வேலைங்க." ஓரமாகத் தள்ளின உருளைக்கிழங்கு நிஜம்தான், அதை ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தின்றவன் அவன்தான், அவளுக்குத் தன்மேல் எவ்வளவு ஆசை, தனக்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தின்றான்... நீயே மித்ராகிட்ட சொல்லிடேன் என்று கெஞ்சினான், நான் சொல்லமாட்டேன், இழுத்துவிட்டவரே போய்ச் சொல்லுங்க என்று குழாயைத் திறந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணி நேரம் என்று திரையில் இருக்கும் வரி எதற்கென்று புதியவர்களுக்கு அவனே பாடம் எடுத்திருக்கிறான், ஒரு விவரத்தை ஒரு தடவை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் மிஷின் அதைப் பன்னிரண்டு மணி நேரம் நம்பும், அதற்குமேல் நம்பாது, மறுபடி போய்க் கேட்கும், ஏனென்றால் நடுவில் மாறியிருக்கலாம் இல்லையா என்பான், எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். மித்ராவைப் பற்றி அவன் கடைசியாக எப்போது கேட்டு வாங்கினான், அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பது எந்த வருஷத்து விவரம், இருட்டுக்குப் பயம் என்பது, கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொள்வாள் என்பது... போன மாசம் அவள் கத்தரிக்காய் பொரியலை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டதைப் பார்த்தான், பார்த்தும் மனசில் ஏறவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்க் கேட்கும் அந்தத் தகரப்பெட்டிக்கு இருக்கிற மரியாதை தனக்கு இல்லையே என்று நினைத்தபோது, உடனே இன்னொரு மனசு, ஏய், அது மிஷின், நீ அண்ணன், இரண்டும் ஒன்றா என்றது, ஒன்றில்லைதான், அண்ணன் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கேட்டிருக்க வேண்டும்.

ஓனரை மாற்றும் கட்டளையை நாற்பத்திரண்டு வரியாக எழுதினான், ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு அந்தப் பெயரே சொந்தம், இந்தத் தடவை ஒவ்வொன்றையும் உதடு அசையப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினான், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அவ்வளவுதான் வேலை, திருப்பிக் கொடுப்பது இவ்வளவு சுலபமா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "இப்ப மாத்திப் பாரும்மா" என்று தன் மிஷினையே பிரிஜெட் பக்கம் நகர்த்தினான், அவள் தன் பெயரில் உள்ளே நுழைந்து, புதுப் பாஸ்வேர்ட் கேட்கும் இடம் வந்ததும் விரல்களைத் தூக்கிக்கொண்டு, "சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே இன்ஃபன்ட்ரி ரோட்டு மரங்களில் காக்காய் ஒன்று கம்பித்துண்டை வளைத்துக்கொண்டிருந்தது, முதுகுக்குப் பின்னால் தட தடவென்று அடிக்கும் சத்தம், ஆயிடிச்சு சார் என்று அவள் எழுந்து ஓடினாள், மேனேஜர் கோவிந்தப்பா கதவு வழியாகத் தலையை நீட்டி, "ஏனாயித்து ஆதி? ஹுடுகரிகெ லாகின் ப்ராப்ளமாமே?" என்று புதுப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்றென்று கேட்டார். சரியாகிவிட்டது சார், என் தப்பு, பேரை ஏற்றும்போது யோசிக்கவில்லை என்று கன்னடத்தில் சொன்னான், சொல்லிவிட்டு, கூடவே, "சார், ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வருகிறேன், வீட்டு விஷயம்" என்று அவன் வாயே சொன்னது, கோவிந்தப்பா ஹோகி ஹோகி, போய்வா என்றார், போய்த்தானே ஆக வேண்டும், சொல்லிவிட்டானே.

டிக்கன்சன் ரோடு திரும்பும்வரை என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே போனான், மித்ரா, ஒரு சின்ன விஷயம்... சின்ன விஷயமா, இல்லை, மித்ரா, கோபப்படாதே... அவள் கோபப்படலாமா கூடாதா என்பதையும் நீயே சொல்வாயா, மித்ரா, உன் நல்லதுக்குத்தான்... இதைச் சொன்னால் வண்டியோடு அல்சூர் ஏரியில் இறங்கிவிடலாம். சொல்லாமலே விட்டால் என்ன என்றும் ஒரு நினைப்பு ஏரியைச் சுற்றி வரும்போது வந்தது, ஐந்து மணி ஆகிவிட்டால் எல்லாம் தானாக முடிந்துவிடும், அவளுக்குத் தெரியப்போவதில்லை, இன்னும் கொஞ்ச நாளில் இங்கேயே ஏதாவது வேலை கிடைக்கும், சாயங்காலமானால் தரையில் மல்லாந்து படுத்து எல்லோரையும் சிரிக்க வைப்பாள், அந்த வீட்டை நினைத்துப் பார்த்தான், அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டையும் நினைத்துப் பார்த்தான், வண்டி தானாக மெதுவாயிற்று... அப்படியானால் அவளால் தனியாக இருக்க முடியாது என்றா சொன்னாய் அந்தப் பூனா அம்மாவிடம், யாரால் இருக்க முடியாது, உண்மையைச் சொல் ஆதிகேசவா. பின்னாலிருந்து ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான், திட்டியதில் நியாயம் இருந்ததால் பேசாமல் ஓரம் கட்டி ஒரு நிமிஷம் நின்றான், பிறகு அல்சூர் பஜார் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினான்.

கம்ப்யூட்டர் சென்டர் மாடியில், கீழே டைலர் கடை, பக்கத்தில் எஸ்.டி.டி. பூத், கூப்பிட்டதும் விரல்களில் சாக்பீஸ் தூளோடு இறங்கி வந்தவள், "இன்னாண்ணா, இந்நேரத்துக்கு? அம்மாவுக்கு ஏதாச்சும்..." என்று பதறினாள், அதெல்லாம் இல்லை என்றான், பாதை முழுக்க ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை, புதன்கிழமை பூனாவிலிருந்து போன் வந்தது, நீ செலக்ட் ஆயிட்டே, நான் நீ வரமாட்டேன்னு சொல்லிட்டேன், இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு, என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டைலர் கடை வாசலில் தொங்கிய யாரோ ஒரு குழந்தையின் கவுனைப் பார்த்துக்கொண்டு நின்றான். மித்ரா விரல்களைத் துப்பட்டாவில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "காலைல கேட்டேனே" என்றாள். புதன்கிழமையை அவள் முதலில் எடுக்கவில்லை, அவன் பயந்தது சரியாகத்தான் இருந்தது. "புதன்கெழம நீ யோசிக்காம சொல்லிட்டே, சரி, உன்னை எனக்குத் தெரியாதா. காலைல இல்லன்னு சொன்னது யாருண்ணா?"

"அதுவும் நான்தாம்மா."

கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு, வந்ததைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "நான் போமாட்டேன்னு உனக்கு யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லை என்றான். "போவேன்னு?" அதையும் யாரும் சொல்லவில்லை. "எனக்கே இன்னும் தெரியாதுண்ணா. போலாமா வேணாமான்னு வேலை கிடைச்சப்புறம்தானே யோசிக்கணும்னு வெச்சிருந்தேன். யோசிக்கறதைக் கூட நீயே பண்ணிட்டா நான் இன்னா பண்றது, சொல்லு." அவன் நடுத்தெருவில் நின்று, தப்புதாம்மா, பெரிய தப்பு என்றான், மேலிருந்து அந்த ஒற்றைவிரல் கிழவராக இருக்க வேண்டும், மேடம் என்று கூப்பிட்டார், வர்றேன் சார், நீங்க அடிச்சிட்டிருங்க என்று மேலே பார்த்துக் கத்தினாள், திரும்பி இவனைப் பார்த்தாள், "சாப்ட்டியா நீ?" இல்லை என்று தலையாட்டினான். "மூஞ்சப் பாத்தாலே தெரியுது. நம்பரைக் குடு." சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான், நாலைந்து நாள் வேர்வையில் காகிதம் துணி மாதிரி ஆகியிருந்தது, எண்கள் நல்லவேளை அழியவில்லை, அவள் பூத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே நின்றான். உள்ளே அவள் நம்பரைப் போட்டாள், காத்திருந்தாள், பேச ஆரம்பித்தாள், இங்கிலீஷ்தான், வாய் போகும் போக்கில் தெரிந்தது, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை, சிவப்பு எண்கள் மட்டும் மீட்டரில் ஓடின, நடுவில் ஒரு தடவை சிரித்தாள், எதற்குச் சிரித்தாள், அண்ணன் அப்படிச் சொல்லிவிட்டாராமே என்று அந்த அம்மா கேட்டிருப்பாள், இவள் அதற்கு என்னவோ சொல்லியிருப்பாள்... சரி என்று சொல்லப்போகிறாளா, மாட்டேன் என்று சொல்லப்போகிறாளா, இரண்டில் எதை வேண்டிக்கொண்டு நிற்கிறோம் என்று மனசைத் தடவிப் பார்த்தான், பிடி கிடைக்கவில்லை, அப்போது கதவு கொஞ்சமாகத் திறந்தது, காலால் அதைப் பிடித்துக்கொண்டு, ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மித்ரா தலையை வெளியே நீட்டினாள், கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது, முகத்தில் ஒரு கலவரம், "அண்ணா, நெஜமா சொல்லு. நான் அங்க தனியா இருந்துடுவேனா?"

இருந்துடுவே என்று சொல்ல வாயெடுத்தான், தைரியமாகப் போ, அண்ணன் இருக்கேன் என்று அடுத்த வரிகூடத் தயாராக வந்து நின்றது, அது வந்த வேகம்தான் அவனைத் தடுத்தது, புதன்கிழமை மாட்டாள் என்ற சொல்லும் இதே வேகத்தில்தானே வந்தது, இரண்டும் எங்கிருந்து வருகின்றன, அவள் தனியாக இருந்து அவன் எங்கே பார்த்தான், ஸ்கூலில், பேங்கில், காலேஜ் கேட்டில், இன்டர்வ்யூவுக்குப் போன ஹோட்டல் வாசலில், அவளைப் பார்த்த இடத்திலெல்லாம் பக்கத்தில் இவன் நின்றிருக்கிறான், இவன் இல்லாத இடத்தில் அவள் எப்படி நடப்பாள், யாரோடு என்ன பேசுவாள், பயந்தால் என்ன செய்வாள், இருபத்துநாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைப் பார்க்க இவனுக்கு வழியே இருந்ததில்லை. "தெரியலம்மா" என்றான், "நெஜமாவே எனக்குத் தெரியல, நான் பாத்ததில்ல." அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள், அப்படி ஒரு பதில் இந்த ஆளிடமிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை போல, பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டுக் காலை எடுத்தாள், கதவு சாத்திக்கொண்டது, அவள் போன் பக்கம் திரும்பி, கையை எடுத்துவிட்டு, ஏதோ சொன்னாள். ஆதிகேசவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான், இன்னும் இரண்டடி, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கே போய் நின்றுகொண்டான், நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்தது, அது போனதும் பார்த்தான், கண்ணாடிக்குள் அவள் ஒரு கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தாள், பாதி வார்த்தையில் நிறுத்தி, கேட்டு, மறுபடி பேசினாள், அண்ணன் எங்கே போனான் என்று திரும்பிப் பார்க்கவில்லை.